யாரும் திட்டவில்லை, ஆனாலும் தூக்கம் வரவில்லை

விளையாட்டு வீரர்களின் மனநலம் குறித்து வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதிலளித்து வருகிறேன். கடலூரில் வாலிபால் ஆடி வளர்ந்தவள். இப்போது புதுச்சேரியில் விளையாட்டு உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. வெளியிலிருந்து எவரும் தராமல், விளையாடுபவர் தானே தன்மேல் ஏற்றிக்கொள்ளும் நெருக்கடி. அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அன்புள்ள அக்கா, எனக்கு 25 வயது. பண்ருட்டி பக்கத்துக் கிராமம். கபடியில் ரைடர், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவன். ஒரு துறை அணியில் வேலை. ஆண்டில் சில மாதங்கள் தொழில்முறை லீக். என் பயிற்சியாளர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பா முந்திரித் தோப்பில் வேலை செய்கிறவர். "அடிபடாமல் வா" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டார். ஆனாலும் ஆட்டத்துக்கு முந்தைய இரவில் எனக்குத் தூக்கம் இல்லை. சென்ற மாதம் ஓர் ஆட்டத்தில் 11 புள்ளிகள் எடுத்தேன், அணியும் வென்றது. கடைசி நிமிடங்களில் ஒரு 'டூ ஆர் டை' ரைடில் கணுக்கால் பிடியில் மாட்டினேன். அந்த ஒரு ரைடின் வீடியோவை விடியும்வரை செல்பேசியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓய்வு நாளில் யாருக்கும் தெரியாமல் வெள்ளிக் கடற்கரை மணலில் ஓடுகிறேன். முழங்கால் வலிக்கிறது. ஓடாமல் இருந்தால் ஏதோ குற்றம் செய்ததுபோல் இருக்கிறது. எனக்கு என்ன ஆகிவிட்டது?
(பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்)

தம்பி, இடத்தைக் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். முழுக் கடிதத்தில் என் மனத்தைத் தைத்தது ஒன்று உண்டு. எடுத்த 11 புள்ளிகளுக்கு நீங்கள் கொடுத்தது ஒரே வரி. பிடிபட்ட ரைடுக்கு ஒரு முழுப் பக்கம். எந்தக் கால் முன்னே இருந்தது, இடது மூலையில் நின்றவர் எப்போது தோளைச் சாய்த்தார், கடிகாரத்தில் எத்தனை விநாடி மிச்சம் என்று எல்லாமே இருக்கிறது. புள்ளி எடுத்த ரைடுகளில் ஒன்றையாவது இப்படி எழுத உங்களால் முடியுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். அவற்றை நீங்கள் திரும்பிப் பார்க்கவே இல்லையே.

கபடி அதிகம் பார்க்காத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். தொழில்முறை லீக் விதிப்படி, ஓர் அணியின் இரண்டு ரைடுகள் அடுத்தடுத்துப் புள்ளியில்லாமல் முடிந்தால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும். எடுக்காவிட்டால் ரைடர் வெளியேற வேண்டும். கையில் இருப்பது 30 விநாடி. இவர் உள்ளே வந்தே தீரவேண்டும் என்பது எதிரே நிற்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் காத்திருந்தால் போதும். தடுப்பவர்களுக்கு இவ்வளவு சாதகமான ஒரு சூழலில் பிடிபட்டதை உங்கள் குணத்தின் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கமாட்டேன்.

இப்போது அந்த வீடியோவைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் உங்கள் ஆட்டத்துக்கு அதிகம் கேடு செய்வது அதுதான். பல்லாயிரம் முறை செய்து பழகிய ஓர் அசைவு, நாம் கவனிக்காமலேயே நடக்கும். அதைத் துண்டு துண்டாகக் கவனிக்கத் தொடங்கினால் தடுமாறும். சியன் பைலாக் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கால்பந்து வீரர்களிடம் சோதித்தார்கள். பந்தைக் காலால் உருட்டிச் செல்லும்போது, பாதத்தின் எந்தப் பக்கம் பந்தைத் தொட்டது என்று கவனித்துச் சொல்லவேண்டும். பழகிய காலால் ஆடிய அனுபவசாலிகளின் வேகம் குறைந்தது. புதிதாகக் கற்பவர்களுக்கு அதே கவனம் உதவியது. உங்கள் நிலையும் அதுதான். இரவெல்லாம் உங்கள் இடது காலையே பார்த்துவிட்டு மறுநாள் ஆடுகளத்தில் இறங்கினால், கண் எதிரணியின் மூலைகளைப் பார்த்தாலும் மனம் உங்கள் இடது காலில்தான் இருக்கும். ஓர் இமைப்பொழுது தாமதம் போதும், கணுக்கால் அவர்கள் கையில்.

வீடியோ பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்த மறுநாள், பகலில், பயிற்சியாளரோடு உட்கார்ந்து பாருங்கள். பிடிபட்டது ஒன்று பார்த்தால், புள்ளி எடுத்தது இரண்டு பார்க்கவேண்டும். அவ்வளவோடு மூடிவிட வேண்டும். இரவில் செல்பேசி படுக்கும் அறைக்கு வெளியே இருக்கட்டும். ஆட்டத்துக்கு முந்தைய இரவு தூக்கம் குறைவது பெரிய வீரர்களுக்கும் நடப்பதுதான். ஓர் இரவில் தேகபலம் போய்விடாது. அதற்கு முந்தைய நாட்களில் நன்றாகத் தூங்கியிருந்தால் உடம்பு தாங்கும். "தூக்கம் வரவில்லையே, நாளைக்கு என்ன ஆகுமோ" என்று புரண்டு படுப்பதுதான் அதிகம் களைப்பாக்குகிறது.

ஓய்வு நாள் ஓட்டத்தை இன்றோடு நிறுத்துங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பயிற்சியில் தசை களைக்கிறது. ஓய்வில்தான் அது முன்பைவிட வலுவாகத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஓய்வை நீக்கிவிட்டால் பயிற்சியின் பலனில் பாதியை இழந்துவிட்டோம் என்று பொருள். அளவுக்கு மீறிய பயிற்சி பல மாதம் தொடர்ந்தால் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், வழக்கமான ஓட்டமே பாரமாகத் தெரியும், அடிக்கடி சளி பிடிக்கும், ஆட்டம் இறங்கும். இங்கேதான் கொடுமை தொடங்குகிறது. ஆட்டம் இறங்குவதைப் பார்த்து, தன்னைக் கடிந்துகொள்ளும் வீரர் "நான் சோம்பேறி ஆகிவிட்டேன்" என்று முடிவுகட்டி இன்னும் அதிகமாக ஓடுகிறார். ஆட்டம் மேலும் இறங்குகிறது. உங்கள் முழங்கால் அந்தச் சுழலின் தொடக்கத்தில் நிற்கிறது. ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லும்வரை மணல் வேண்டாம்.

கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் என்னோடு ஆடிய ஓர் அட்டாக்கர் இருந்தார். நாங்கள் வென்ற நாட்களிலும், மற்றவர்கள் பை கட்டிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் சுற்றுச்சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருப்பார். எல்லோரும் அவருடைய அர்ப்பணிப்பைப் புகழ்வார்கள். அவருக்கு அந்தப் பந்தைக் கீழே வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். தோள் மூட்டு தேய்ந்து, ஆட்டத்தின் உச்சத்தில் இருக்கவேண்டிய வயதில் அவர் வெளியேறினார். அத்தனை பேர் சுற்றி இருந்தும் "இன்றைக்குப் போதும், வா" என்று அவர் கையிலிருந்து பந்தை வாங்கிவைக்க ஓர் ஆள் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

உங்களுக்கு அந்த ஆள் இருக்கிறார். திட்டாத பயிற்சியாளர் என்று எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் போய்ச் சொல்லுங்கள். நீங்கள் மறைத்து ஓடுவது அவருக்கு எப்படித் தெரியும்? பயிற்சிக் குறிப்பேட்டில் ஓய்வு நாளுக்கும் ஓர் இடம் போட்டு, ஓய்வெடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆட்டத்துக்கு முன் ஒரு துண்டுத்தாளில் உங்கள் கையில் உள்ள இரண்டு காரியங்களை மட்டும் எழுதுங்கள். "கோட்டைத் தாண்டியதும் இரண்டு மூலைகளையும் பார்ப்பேன்" என்பது உங்கள் கையில் உள்ளது. "10 புள்ளி எடுப்பேன்" என்பது உங்கள் கையில் மட்டும் இல்லை; அது தாளில் வேண்டாம். முதல் சில வாரங்கள் அந்தக் குற்ற உணர்ச்சி உங்களைப் பிடித்து உலுக்கும். அதற்குக் கீழ்ப்படியாமல் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதவேண்டும்.

வணக்கம் அம்மா. என் மகளுக்கு 20 வயது. 1,500 மீட்டர் ஓட்டக்காரி. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்து, அந்தத் துறைக்காக ஓடுகிறாள். உப்பளம் மைதானத்தில் பயிற்சி. நேரம் சரியாக அமையாத நாட்களில் இரவு சாப்பிடமாட்டாள். "இன்றைக்கு எனக்குச் சோறு எதற்கு" என்பாள். நாங்கள் யாரும் அவளை எதுவும் சொல்வதில்லை. நான்கு மாதங்களாக மாதவிலக்கும் வரவில்லை. ஓடுகிற பெண்களுக்கு இது சகஜம் என்கிறாள். உண்மையா?
(ஒரு தாய், வில்லியனூர்)

உண்மையில்லை, சகோதரி. இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மகப்பேறு மருத்துவரோ விளையாட்டு மருத்துவம் தெரிந்தவரோ பார்க்கவேண்டும். ஜிப்மர் உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது.

ஓடுவதற்குச் செலவாகும் சக்திக்கு ஈடாக உணவு போகாவிட்டால், உடம்பு உடனடித் தேவையில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திவைக்கும். மாதவிலக்கு நிற்பது அதன் வெளிப்படையான அறிகுறி. உள்ளே எலும்பு மெலிந்துகொண்டிருக்கும். காலில் மெல்லிய முறிவுகள் வரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்குத் தனிப் பெயர் சூட்டி, வீராங்கனைகளோடு வீரர்களையும் பாதிக்கும் என்று அறிவித்தது. சுருக்கமாக 'ரெட்-எஸ்' என்பார்கள். தொடர்ந்து மூன்று மாதம் மாதவிலக்கு வராவிட்டாலே மருத்துவரைப் பார்க்கவேண்டும். உங்கள் மகள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டாள்.

"சோறு எதற்கு" என்ற அந்தச் சொல் என்னைக் கலங்க வைத்தது. ஓடித் தோற்றதற்கு அந்தப் பெண் தனக்குத் தானே தண்டனை விதித்து, தானே நிறைவேற்றியும் கொள்கிறாள். சாப்பாடு ஓட்டத்துக்குக் கூலி ஆகாது. மோசமாக ஓடிய நாளிலும் அதே கால்கள்தான் அதே தூரத்தை ஓடின; அவற்றுக்குப் பசிக்கும். இதை அவளிடம் வாதம் செய்து ஜெயிக்க முயலாதீர்கள். எடையைப் பற்றியோ நேரத்தைப் பற்றியோ சாப்பாட்டு வேளையில் ஒரு பேச்சும் வேண்டாம். தட்டைப் போட்டுவிட்டு நீங்களும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள். பயிற்சியாளரிடம் நீங்களே பேசுங்கள். மருத்துவர் சொல்லும்வரை பயிற்சி குறையட்டும். அதற்காக அவள் உங்களிடம் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வணக்கம் அம்மா. முப்பது ஆண்டு உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பகுதியைத் தவறாமல் படிக்கிறேன். ஒன்று கேட்கவேண்டும். தன்னைத் தானே வருத்திக்கொள்ளாமல் யார் பெரிய ஆட்டக்காரர் ஆனார்கள்? அந்த உள் நெருப்பை நீங்கள் அணைத்துவிட்டால் பதக்கம் எங்கிருந்து வரும்?
(முத்தியால்பேட்டை வாசகர்)

ஐயா, உங்களைப் போன்ற ஆசிரியர்கள் இல்லாவிட்டால் நாங்கள் யாரும் மைதானத்தையே பார்த்திருக்கமாட்டோம். அந்த மரியாதையோடு மறுக்கிறேன்.

நெருப்பு வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. 1908இலேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து, தூண்டுதல் ஓரளவு வரை திறமையை உயர்த்தும், அதற்குமேல் கெடுக்கும் என்ற கருத்து வளர்ந்தது. ஆட்டத்துக்கு முன் வயிறு கலங்குவது நல்லதுதான். நான் அணைக்க நினைப்பது வேறு. உயர்ந்த இலக்கை வைத்துக்கொண்டு உழைப்பது ஒன்று. இலக்கு தவறினால் நான் மனிதனே இல்லை என்று தன்னை அறைந்துகொள்வது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். ஆய்வாளர்கள் இவற்றைத் தனித்தனியாக அளக்கிறார்கள். மனச்சோர்வோடும் களைத்துப்போய் ஆட்டத்தையே வெறுப்பதோடும் நெருங்கிச் செல்வது இரண்டாவதுதான்.

என் அனுபவத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். நெல் விளைந்தது மழையாலும் உழைத்தவர்களாலும். களத்துமேட்டுக்கு வந்து நின்று முதல் மரக்காலை அளந்து வாங்கிக்கொண்டு போகிறவர் இடைத்தரகர். தன்னைத் திட்டும் அந்த உள்குரல் அப்படிப்பட்டது. ஒரு வீரர் பத்தாண்டு பயிற்சியால் ஜெயிப்பார். "பார்த்தாயா, உன்னைத் திட்டியதால்தான் ஜெயித்தாய்" என்று அந்தக் குரல் வந்து பெயர் வாங்கிக்கொள்ளும். தோற்றாலோ, போதுமான அளவு திட்டவில்லை என்று சொல்லும். எப்படிப் பார்த்தாலும் அதற்கு நஷ்டமில்லை. அதனால்தான் வெற்றி பெற்றவர்களே அதை விடத் தயங்குகிறார்கள். விட்டால் ஆட்டமும் போய்விடும் என்ற பயம்.

விட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். விராட் கோலி 2014 இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் பத்து இன்னிங்ஸில் 134 ரன் எடுத்தார். அப்போது மனச்சோர்வில் இருந்ததாகவும், சுற்றிலும் ஆட்கள் இருந்தும் தனிமையை உணர்ந்ததாகவும் பல ஆண்டுகள் கழித்துத்தான் சொன்னார். 2018இல் அதே நாட்டில் 593 ரன். பிறகு 2019 நவம்பருக்குப் பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சர்வதேச சதம் இல்லை. 2022இல் ஒரு மாதம் மட்டையைத் தொடவே இல்லை என்றும், பத்தாண்டில் அப்படி இருந்தது அதுவே முதல்முறை என்றும், இல்லாத வேகத்தை இருப்பதுபோல் காட்டிக்கொண்டிருந்ததை உணர்ந்ததாகவும் சொன்னார். திரும்பி வந்து ஆடிய ஆசியக் கோப்பையில், செப்டம்பர் 8 அன்று ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 122 ரன், ஆட்டமிழக்காமல். மட்டையைக் கீழே வைத்த அந்த ஒரு மாதத்தில் அவருடைய திறமை எங்கும் போய்விடவில்லை.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் கதையை அன்று பலரும் கோழைத்தனம் என்றார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், அணிப் போட்டியில் ஒரே ஒரு வால்ட் (ஓடிவந்து தாவிச் சுழல்வது) செய்தபின் விலகினார். அந்தரத்தில் சுழலும்போது உடம்பு எந்தத் திசையில் இருக்கிறது என்ற உணர்வே அவருக்கு அற்றுப்போயிருந்தது. அந்த நிலையில் தொடர்ந்திருந்தால் கழுத்தெலும்பு முறியலாம். ஒரு வாரம் கழித்து பேலன்ஸ் பீமில் வெண்கலம் வென்றார். 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. அன்று தன்னைத் தானே மிரட்டி இன்னொரு முறை குதித்திருந்தால் பாரிஸ் இருந்திருக்குமா, ஐயா?

ஜெயித்துவிட்டால் அந்தக் குரல் ஓய்ந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 2008 பெய்ஜிங்கில் இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா, தன் மனத்துக்கு மிகக் கடினமான காலம் வென்றபிறகுதான் வந்தது என்று வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். வாழ்க்கை முழுவதும் ஒரே இலக்கு. அது கைக்கு வந்ததும் காலையில் எழ ஒரு காரணம் இல்லை. ஒலிம்பிக்கில் 28 பதக்கம் வென்ற நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸும் இதையே சொன்னார்.

நம் பக்கத்திலிருந்தே ஒருவரைச் சொல்லி முடிக்கிறேன். சென்னைப் பையன் குகேஷ், 2024 இறுதியில் சிங்கப்பூரில் டிங் லிரெனுக்கு எதிரான உலகச் சதுரங்கச் சாம்பியன் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றார், அதுவும் முதலில் நகர்த்தும் வெள்ளைக் காய்களோடு. மூன்றாவதில் வென்று சமன் செய்தார். பதினோராவதில் வென்று முன்னிலை பெற்றார்; அடுத்த ஆட்டத்திலேயே நசுங்கினார். மறுபடி சமன். பதினான்காவதில் வென்று 18 வயதில் உலகச் சாம்பியன். மன உறுதிப் பயிற்சிக்காக பேடி அப்டனோடு அவர் பணியாற்றினார். 2011 உலகக் கோப்பை வென்ற நம் கிரிக்கெட் அணியோடு இருந்தவர்தான் அப்டன். முதல் ஆட்டத் தோல்விக்காகத் தன்னை இரவெல்லாம் அடித்துக்கொள்ளும் ஒருவரால் பதினான்கு ஆட்டம் இப்படி ஏறி இறங்கி நிற்க முடியாது. நெருப்பு அவரிடம் நிறையவே இருந்தது. அதில் தன்னைச் சுட்டுக்கொள்ளவில்லை.

வணக்கம் அம்மா. நான் திருப்பாதிரிப்புலியூரில் கிரிக்கெட் பயிற்சி அளிக்கிறேன். என்னிடம் வளர்ந்த இருவர் இப்போது தொழில்முறையாக ஆடுகிறார்கள். நான் யாரையும் திட்டுவதில்லை. அது போதாதா?

போதாது, சார். திட்டாமல் இருப்பது நல்ல தொடக்கம். ஆனால் சதம் அடித்த நாளில் மட்டும் உங்கள் முகம் மலர்ந்தால், மற்ற நாட்களின் மௌனத்தைப் பையன்கள் தாங்களே திட்டாக மாற்றிக்கொள்வார்கள். ஆட்டம் முடிந்து வருகிறவரிடம் முதல் கேள்வியாக ஸ்கோரைக் கேட்காதீர்கள். "எங்கேயாவது வலிக்கிறதா? சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். தோற்ற அன்றைக்கு ஆராய்ச்சி வேண்டாம், மறுநாள் வைத்துக்கொள்ளலாம். பூஜ்யத்தில் அவுட் ஆனவர், அடிக்கக்கூடாத ஒரு பந்தைச் சரியாகக் கணித்து அடிக்காமல் விட்டிருந்தால், அதைக் குறிப்பிட்டுச் சொல்லிப் பாராட்டுங்கள். ஓய்வு நாளில் வலைப் பயிற்சி இடத்தைப் பூட்டிவிடுங்கள். அன்றைக்குச் சாவி கேட்டு வருகிறவர்தான் நீங்கள் அதிகம் கவனிக்கவேண்டியவர்.

அக்கா, நான் கடலூரில் கால்பந்து ஆடி, இப்போது வெளிமாநில கிளப் ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் ஆடுகிறேன். அப்பா இல்லை. வீட்டுக் கடன், தம்பியின் படிப்பு எல்லாம் என் சம்பளத்தில். ஒரு பாஸ் தவறினால்கூட மாதத் தவணை கண்முன் வருகிறது. இதுவும் நானே ஏற்றிக்கொண்ட நெருக்கடிதானா?

இல்லை, தங்கையே. உங்கள் சுமை கடன் பத்திரத்திலேயே இருக்கிறது. மூச்சுப் பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்று உங்களிடம் சொல்வது அநியாயம். வீராங்கனைகளின் மனநலத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் அவர்களுடைய சம்பளத்தைப் பற்றியும் பேசவேண்டும் என்று பல காலமாகச் சொல்லி வருகிறேன்.

பணத்தின் பயத்தைப் பணத்தின் வழியில்தான் குறைக்க முடியும். ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அடிபட்டு ஆட முடியாமல் போனால் சம்பளம் வருமா, சிகிச்சைச் செலவு யாருடையது, காப்பீடு உண்டா என்று பாருங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் அடுத்த கையெழுத்துக்கு முன் கேளுங்கள். பட்டப்படிப்பை நிறுத்தியிருந்தால் தொலைநிலைக் கல்வியிலாவது தொடருங்கள். தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. உங்கள் சான்றிதழ்களையெல்லாம் ஒரே கோப்பில் சேர்த்து, ஆடிக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பியுங்கள். ஓய்வு பெற்றபிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். நம் கடலூரிலிருந்து இந்தியக் கால்பந்து அணிவரை சென்ற இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் இருக்கிறார். நடுக்களத்தில் ஒரு பாஸ் தவறினால் தவறட்டும் என்று ஆடுவதற்கு, காலுக்குக் கீழே அப்படி ஒரு தரை வேண்டும்.

ஒன்றே ஒன்று உங்கள் மனத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு பாஸுக்கும் மாதத் தவணைக்கும் நடுவே ஒரு பருவம் முழுக்க ஆட்டங்கள் இருக்கின்றன. கிளப் உங்களை எடுத்தது அந்தப் பருவம் முழுவதற்குமாக. வீட்டுக் கணக்கைப் பார்க்க வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, அம்மாவோடும் தம்பியோடும் பேசி எழுதி வைத்துவிடுங்கள். தம்பிக்கு விவரம் தெரியட்டும். நீங்கள் ஒருவரே சுமப்பதை அந்த வீட்டில் மூன்று பேரும் அறிந்திருக்கவேண்டும்.

அக்கா, நான் துப்பாக்கி சுடும் வீரன். புதுச்சேரி. போட்டியில் கை நடுங்குகிறது. நண்பன் ஒருவன் ப்ரோப்ரனலால் மாத்திரை கொடுத்தான், நடுக்கம் நிற்கிறது. மனநல மருத்துவரிடம் போகலாமா என்றும் யோசிக்கிறேன். தேர்வுக் குழுவுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம்.

தம்பி, அந்த மாத்திரை பீட்டா பிளாக்கர் வகை. துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் அது தடைசெய்யப்பட்ட மருந்து, போட்டி நாளில் மட்டுமில்லை, எல்லா நாளும். பரிசோதனையில் சிக்கினால் ஆண்டுக்கணக்கில் ஆட முடியாமல் போகலாம். தடையை விடுங்கள், ஆஸ்துமாவோ இதயத் துடிப்புக் கோளாறோ உள்ளவர்களுக்கு அது ஆபத்தானது. எப்போதாவது போட்டவர் என்றால் இனி தொடாதீர்கள். தினமும் போட்டுப் பழகியிருந்தால் சட்டென்று நிறுத்தாமல், நாளைக்கே மருத்துவரிடம் போய் எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள்.

மனநல மருத்துவரிடம் தாராளமாகப் போகலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைப்பது மருத்துவரின் கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சட்டம் சொல்லும் சில சூழல்களைத் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்ல முடியாது. தேர்வுக் குழு கேட்டாலும்தான். உள்ளே நுழைந்ததுமே "நான் போட்டியில் சுடுகிறவன், ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு உட்பட்டவன்" என்று சொல்லிவிடுங்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பரவலாகத் தரப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை தடைப்பட்டியலில் இல்லை. தடைசெய்யப்பட்ட மருந்துதான் கட்டாயம் தேவை என்றால், மருத்துவச் சான்றுகளோடு தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் முன்கூட்டியே விதிவிலக்குக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. துப்பாக்கி சுடுதலில் பீட்டா பிளாக்கருக்கு அது எளிதில் கிடைக்காது. கை நடுக்கத்துக்கு மருந்தில்லாத பயிற்சிகள் இருக்கின்றன. ஆலோசகரும் பயிற்சியாளரும் சேர்ந்து செய்யவேண்டியவை.

மருத்துவமனைக்குப் போகும் துணிவு உடனே வரவில்லையென்றால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. கட்டணம் இல்லை, எல்லா நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ இல்லாதவர்கள், ஆட்டத்தில் இருந்த ஆசையே போய்விட்டவர்கள், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறையேனும் வந்தவர்கள், எனக்குக் கடிதம் எழுதி அடுத்த இதழுக்காகக் காத்திருக்கவேண்டாம். இப்போதே அழையுங்கள்.